கேமராவுக்குச் சட்டை வாங்கிய தாய்மாமன்

தொண்டி
8-7-1996

அண்ணன் பூமிநாதன் அவர்களுக்குத் தங்கை சண்முகவள்ளி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். முத்தழகுக்கு மட்டும் சளி. மூக்கைத் துடைத்துவிடப் போனால் கடிக்கிறாள். மூன்று வயசில் இவ்வளவு பல் எப்படி வந்ததென்று தெரியவில்லை.

அவளுக்குக் காதுகுத்து வைத்துவிட்டோம். ஆவணி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அய்யனார் கோயிலில். தம்பி சேதுராமனும் துபாயிலிருந்து லீவில் அப்போது வந்துவிடுவான். மருமகளுக்குச் சீராக வீடியோ கேமரா கொண்டுவருகிறானாம். கடிதம் வந்த அன்றைக்கே என் மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். தெருவில் பாதிப் பேர் இப்போதே தலை சீவிக்கொண்டு திரிகிறார்கள்.

முதல் சீர் உங்களுடையதுதான். அது மாறாது. ஆனால் அவன் கேமரா வைக்கிற இடத்தில் நீங்கள் எவர்சில்வர் குடம் வைத்தால் எடுப்பாக இருக்காது என்று உங்கள் மாப்பிள்ளை நினைக்கிறார். கேமராவுக்கு வேண்டிய உருப்படிகளை நீங்கள் வாங்கிவிட்டால் இரண்டு சீரும் ஜோடி சேர்ந்துவிடும். பை, தோள்வார், மூன்று கால் ஸ்டாண்டு, கேமராவுக்குள் போடுகிற சின்ன கேசட். இதற்கெல்லாம் ஆக்சஸரீஸ் என்று பெயராம். தம்பி எழுதியிருக்கிறான்.

தோட்டை மட்டும் வெற்றிலைத் தட்டில் தனியாக வையுங்கள். மற்றதை வழக்கம்போலத் தாம்பாளத்தில் வைத்து மஞ்சள் துணியால் முடிந்து கொண்டுவாருங்கள். குத்தி முடிகிற வரைக்கும் அந்த முடிச்சை யாரும் தொடக்கூடாது, அவிழ்ப்பது என் கை என்பது உங்களுக்குத் தெரியாததா? மதினி மறந்துவிடாமல் இறுக்கமாகக் கட்டட்டும்.

யார் மடியில் உட்கார வைப்பது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

சண்முகவள்ளி


நயினார்கோவில்
15-7-1996

தங்கச்சி சண்முகவள்ளிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டு எழுந்து போய் வாய் கொப்பளித்தேன். நலம் விசாரிக்கிற வரியை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். உனக்கு எந்த இடத்தில் தேவைப்படுகிறதோ அங்கே நீயே எழுதிப் படித்துக்கொள்.

கேமரா கொண்டுவருகிறவன் தம்பி. அதற்குச் சட்டை, துண்டு, கைப்பிடி வாங்கிக் கொடுக்கிறவன் அண்ணன். நாளைக்கு இவன் கார் கொண்டுவந்தால் நான் பின்னாலேயே தண்ணீர் வாளியும் துடைக்கிற துணியும் எடுத்துக்கொண்டு வர வேண்டுமா? தாய்மாமன் என்று ஊரில் ஒரு பதவி இருந்தது. அதை ஆக்சஸரி மாமன் என்று மாற்றிய பெருமை உன் வீட்டுக்காரருக்கே சேரட்டும்.

என்னுடைய கௌரவம் எத்தனை பெரியது என்று உனக்குத் தெரியும். மிளகாய்த் தோட்டத்தில் நான் நின்று கையைத் தட்டினால் காக்காய் பறப்பதில்லை. திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கொத்துகிறது. டீக்கடையில் நான் ஜோக் சொன்னால் சிரிக்கிறவர்கள் ஜோக் முடிவதற்குள் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். வீட்டில் உன் மதினி சோணையம்மாள் இருக்கிறாள்; அதற்கு மேல் அந்த வாக்கியத்தை நீட்ட வேண்டாம். மீதி இருந்தது ஒன்றே ஒன்று. உன் பிள்ளைக்குக் காது குத்தும்போது என் மடி. எங்கள் வீட்டில் மடியில் உட்கார வேறு ஆள் இல்லை என்பதும் உனக்குத் தெரியும்.

அதைத்தான் 'பிறகு எழுதுகிறேன்' என்று கடைசி வரியில் தள்ளி வைத்திருக்கிறாய். பல் டாக்டர் ஊசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வருவது போல. எனக்கு அப்போதே பல் கூசிவிட்டது.

இந்த ஆக்சஸரீஸ் விவகாரமே எனக்குக் குமட்டுகிறது, வள்ளி. எங்கள் பக்கத்து வீட்டு முத்துராமலிங்கம் டிவி வாங்கியிருக்கிறார். அந்த டிவிக்கு ஜரிகை வைத்த பாவாடை. பாவாடைக்கு மேலே பிளாஸ்டிக் ரோஜா. ரிமோட்டுக்கு ஒரு பாலிதீன் உறை, அதற்கு மேலே பூப்போட்ட துணி உறை. உறைக்கு வெளியிலிருந்து அழுத்தினால் பட்டன் கேட்பதில்லை. அதனால் அவர் எழுந்து போய் டிவியிலேயே தட்டி மாற்றிவிட்டு வந்து, ரிமோட்டை மறுபடி மடியில் வைத்துக்கொள்கிறார். போன வாரம் பாவாடையைத் தூக்கியபோது உள்ளே எலிக்குஞ்சு. செக்கச்செவேலென்று, கண் திறக்காமல் நான்கு. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவர்கள் சாப்பிட்டார்கள்.

சோணையம்மாள் இதைப் படித்துவிட்டு, "எனக்கு வருசத்துக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுக்க ஆள் இல்லை, மெசினுக்குச் சட்டை எடுக்கப் போறாராம்" என்கிறாள். அவளையும் பதிலில் சேர்த்துக்கொள்.

மடி விஷயத்தை எழுது. மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

பூமிநாதன்


தொண்டி
23-7-1996

அண்ணனுக்கு,

எலிக்குஞ்சைப் பற்றியெல்லாம் எனக்கு எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் படித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். சேதுராமனும் தாய்மாமன்தான். அவன் கல்யாணத்துக்குப் பிறகு நம் வீட்டில் நடக்கிற முதல் விசேஷம் இது. அவன் பெண்டாட்டி வீட்டார் பரமக்குடியிலிருந்து வேன் வைத்து வருகிறார்கள். அவர்கள் முன்னால் அவனைச் சும்மா நிறுத்த முடியாது. அதனால் உங்கள் மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். பிள்ளைக்கு இரண்டு காது. மாமனும் இரண்டு. வலது காது சேதுராமன் மடியில், இடது காது உங்கள் மடியில்.

கோபப்படாதீர்கள். யோசித்துப் பார்த்தால் இதில் யாருக்கும் குறைவில்லை.

வலது காதுதானே முதலில் குத்துவார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம், வலதுதான். அதை நான் முடிவு செய்யவில்லை. இந்த வீட்டில் நான் முடிவு செய்வது குழம்புக்கு உப்பு. அதற்கும் மாமியார் ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

சண்முகவள்ளி


நயினார்கோவில்
3-8-1996

தங்கச்சி சண்முகவள்ளிக்கு,

காதைப் பாகப்பிரிவினை செய்த குடும்பம் இந்தச் சேதுச் சீமையில் நம்முடையதுதான் முதலாக இருக்கும். நல்லவேளை, மொட்டை போடவில்லை. தலையை எந்த வாய்க்காலில் எல்லை போட்டுப் பிரிப்பீர்களோ!

இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். இடது காதாவது கிடைத்ததே என்று நினைக்கிற அளவுக்கு மனிதன் இளைத்துப் போகிறான் பார். இளைப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. மடி மடி என்று நானும்தான் குதிக்கிறேன். எனக்கு மடி எங்கே இருக்கிறது? உட்கார்ந்தால் தொப்பை முழங்கால் வரைக்கும் ஆக்கிரமித்துக்கொள்கிறது. "பாதிக் காதுக்கு அந்த இடம் போதும்" என்கிறாள் சோணையம்மாள்.

நேற்று ராமநாதபுரம் போனேன். ஃபாரின் சாமான் விற்கிற சதக்கத்துல்லா கடை உனக்குத் தெரியுமே. உன் கல்யாணத்துக்கு டார்ச் லைட் வாங்கினோமே, அங்கேதான்.

"வாங்க மாமா. மொளகா வித்துருச்சா? என்ன வேணும்?" என்றான்.

"வீடியோ கேமராவுக்குச் சட்டை வேணும்ப்பா."

"கேமராவைக் கொண்டாந்திருக்கீகளா?"

"அது துபாய்ல இருக்கு."

"என்னா அளவு?"

"எனக்கு என்ன தெரியும்? தோள்ல வச்சா கண்ணுகிட்ட வரும்னு எழுதியிருக்கான்."

"எல்லாக் கேமராவும் கண்ணுகிட்டதான் மாமா வரும்! பாக்காத பொண்ணுக்கு ரவிக்கை தைக்கச் சொல்றீக. சரி, உக்காருங்க, உத்தேசமா எடுத்துப் போடுறேன்."

எடுத்துப் போட்டான். அதை எப்படி உனக்கு எழுதுவது? முதலை முதுகு மாதிரி ரெக்சினில் ஒரு பை. திறந்தால் உள்ளேயிருந்து வெயிலில் கிடந்த நண்டு வாடை. "புது வாசனை மாமா" என்கிறான். அடுத்தது ஊதா வெல்வெட்; தொட்டால் கையில் பூனை முடி மாதிரி ஒட்டிக்கொண்டது. உதறினேன், போகவில்லை. வேட்டியில் துடைத்தேன், வேட்டிக்குப் போனது. இன்றைக்கும் அது வேட்டியில்தான் இருக்கிறது. மூன்றாவதற்கு வெளியே ஒரு நடிகை படம். நடிகையின் மூக்குக்கு நேராக ஜிப்பு. ஜிப்பைத் திறந்தால் அந்த அம்மாள் முகம் இரண்டாகப் பிளக்கிறது. உவ்வே!

ஒருத்தர் பக்கத்தில் நின்று தன் தங்கச்சி கல்யாணத்துக்கு டேப் ரிக்கார்டர் மூடுகிற துணி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பட்டுக்குக்கூட அத்தனை நேரம் எடுத்திருக்க மாட்டார். விரித்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "இதுல எது தங்கச்சி மாப்பிள்ளைக்குப் பிடிக்கும்?" என்று கேட்டார். அவர் தங்கச்சி மாப்பிள்ளையை எனக்குத் தெரியாது என்றேன். "எல்லாத் தங்கச்சி மாப்பிள்ளையும் ஒண்ணுதானே" என்றார். மனிதர் அனுபவஸ்தர். அங்கேயே கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது.

கடைசியில் நான் வாங்கியது: வாடை குறைவாக உள்ள ஒரு கறுப்புப் பை. ஒரு தோள்வார். விரித்தால் மூன்று காலையும் மூன்று திசையில் நீட்டிக்கொண்டு நிற்கிற ஸ்டாண்டு. மடக்கத் தெரியாமல் அப்படியே பஸ்ஸில் ஏற்றினேன், கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார். அப்புறம் கேசட். 'சின்ன கேசட்' என்று நீ எழுதியதைக் காட்டினேன். சதக்கத்துல்லா மூன்று வைத்தான். "இது இல்லாட்டி கேமரா சும்மா டப்பா மாமா. கண்ணுக்குத் தெரியும், பதியாது. தம்பிகிட்ட சொல்லிருங்க" என்றான். நானும் சொல்லிவிட்டேன். கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாமான்களை வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அறை முழுக்க நண்டு வாடை அடிக்கிறது. வாடை குறைவு என்று சொன்னேனே தவிர இல்லை என்று சொல்லவில்லை.

பூமிநாதன்


தொண்டி
12-8-1996

அண்ணனுக்கு,

தம்பி வந்துவிட்டான். நல்ல நிறம் வந்திருக்கிறது. கேமராவைக் கழுத்திலிருந்து இறக்குவதில்லை. பல் விளக்கும்போதும் அது தொங்குகிறது.

துபாயிலிருந்து இரண்டு கேசட் கொண்டுவந்தான். இரண்டும் தீர்ந்துவிட்டன. விமானத்தின் இறக்கை, மெட்ராஸ் ரோடு, பரமக்குடியில் மாமனார் வீட்டு மாடிப்படி, தொண்டியில் எங்கள் கயிற்றுக் கடை போர்டு, போர்டுக்குக் கீழே நின்ற ஆடு. ஆட்டை மட்டும் வெகுநேரம் பிடித்திருக்கிறான். என்னை ஒரு தடவை பிடித்தான். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "அக்கா, சிரி" என்றான். கையில் குடலை வைத்துக்கொண்டு என்ன சிரிப்பது?

நீங்கள் கேசட் வாங்கியதைச் சொன்னேன். நல்லது, அழிக்காமல் பழசையும் வைத்துக்கொள்ளலாம், விசேஷத்தைப் புது கேசட்டில் பிடித்துக்கொள்ளலாம் என்றான்.

இன்னொன்றும் சொன்னான். எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் இங்கே வந்து எல்லோர் முன்னாலும் அதைக் கேட்க வேண்டியிருக்கும். வலது காது குத்தும்போது பிள்ளை அவன் மடியில் இருக்கும், கேமராவை உங்கள் மாப்பிள்ளை பிடிப்பார். கோயில் ஆலமரத்தடியில் வெளிச்சம் குறைவாம். "அண்ணன் அந்த நேரத்துல சும்மாத்தானே நிப்பாரு, லைட்டைப் பிடிக்கட்டும்" என்கிறான். பாட்டரி லைட் ஒன்று வைத்திருக்கிறான். அது பாரமில்லையாம். அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

பையைப் பற்றியும் கேட்டான். தோல் பையா ரெக்சினா என்று.

சண்முகவள்ளி


நயினார்கோவில்
17-8-1996

சண்முகவள்ளிக்கு,

நான் வரவில்லை.

சிரித்துவிட்டுப் போகலாமா என்று பார்த்தேன். டீக்கடையில் இதையே ஜோக்காகச் சொல்லிப் பார்த்தேன். "தாய்மாமன் சீரா லைட்டு பிடிக்கப் போறேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. முத்துராமலிங்கம் மட்டும் என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அவர் தட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரிமோட்டுக்கு இரண்டு சட்டை போட்ட மனிதர் என்னைப் பார்த்துப் பாவப்படுகிறார்.

சேதுராமனை எனக்குத் தெரியும். அவனுக்குக் காது குத்தினபோது பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அவனுக்குத் துணைக்கு நானும் அழுதேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. மீசை வந்துவிட்டது, அழுதது அசிங்கமாக இருந்தது என்று ஊரே சொன்னது. அவன் என் கையில் லைட்டைக் கொடுக்கிறான்.

தாம்பாளத்தோடு உன் மதினி வருகிறாள். தோடு வெற்றிலைத் தட்டில். மற்றது எல்லாம் முடிச்சுக்குள்ளே. அவள் கட்டிய முடிச்சைப் பார்த்தாயானால் உனக்கே பயமாக இருக்கும். ஸ்டாண்டையும் மடக்கி உள்ளே வைத்து, காலில் மிதித்துக்கொண்டு இழுத்துக் கட்டியிருக்கிறாள். அவள் கோபம் என் கோபத்தைவிடப் பெரியது. ஆனாலும் சீர் போக வேண்டும் என்கிறாள். "ஆளு போகலைன்னா அவருக்குக் குறைச்சல். சீரு போகலைன்னா பிள்ளைக்குக் குறைச்சல்" என்கிறாள்.

பை ரெக்சின். வாடை இன்னும் போகவில்லை. அவனுக்குப் பொருத்தமாக இருக்கும்.

பூமிநாதன்


தொண்டி
29-8-1996

அண்ணனுக்கு,

மதினியை நான்கு நாளாக இங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். அவர்கள் வந்து சொல்வதற்கு முன்னால் நான் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். என் வாயால் சொல்வது வேறு.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. பரமக்குடி வேனும் வந்துவிட்டது. ஆசாரி ஊசியை மஞ்சளில் தொட்டு வைத்துவிட்டார். சேதுராமன் சட்டையைக் கழற்றிப் பட்டு வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, "மச்சான், ரெடியா?" என்றான். உங்கள் மாப்பிள்ளை கேமராவைத் தோளில் வைத்தார். கீழே இறக்கினார். "மாப்ளே, இதுல கேசட்டு இல்லையே" என்றார்.

எல்லாப் பார்வையும் மதினி மடியிலிருந்த தாம்பாளத்துக்குப் போனது.

"அக்கா, அந்த முடிச்சை அவுரு. கேசட்டு உள்ள இருக்கு."

"காது குத்தாம அவுக்கக் கூடாதுடா."

"காது குத்துறதைப் பிடிக்கத்தானே கேசட்டு!"

"அதுக்கு நான் என்னடா செய்யட்டும்? குத்தி முடிஞ்சாத்தான் அவுக்கணும்."

அவன் மதினி பக்கம் திரும்பினான். "மதினி, நீங்களாவது அவுங்க."

"கட்டுனது என் கை. அவுக்குற கை என் கை இல்ல," என்றார்கள். "உங்க அண்ணன் மடி வேண்டாம், அவரு கொடுத்துவிட்ட முடிச்சு மட்டும் வேணுமாக்கும்?"

பழைய கேசட் இரண்டையும் அழியக் கூடாதென்று சேதுராமன் பரமக்குடியில் பூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறான். பரமக்குடிக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தர், தொண்டிக்கு ஆள் விட்டு வேறு கேசட் வாங்கலாம் என்றார். தொண்டியில் டேப் ரிக்கார்டருக்குப் போடுகிற கேசட்தான் கிடைக்கும் என்று உங்கள் மாப்பிள்ளை சொன்னார். இன்னொருத்தர், துணியின் ஓரத்தை லேசாக விலக்கிக் கையை விட்டு எடுத்தால் முடிச்சு அவிழ்ந்ததாகாதே என்றார். என் மாமியார் அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து வேன் பக்கம் போய்விட்டார். அண்ணே, அந்த அம்மாளை எனக்கு அன்றைக்கு முதல் தடவையாகப் பிடித்தது.

ஆசாரி, "நல்ல நேரம் போகுதுத்தா" என்றார். குத்திவிட்டார். வலது காது. பிள்ளை ஒரு அலறல் அலறினாள். கேமரா டப்பாவாகத் தரையில் கிடந்தது. மதினி ஜவ்வுமிட்டாயை வாயில் வைத்தார்கள், உடனே அடங்கிவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு காது குத்தியாயிற்று, இனி முடிச்சை அவிழ்க்கலாமா கூடாதா என்று விவாதம் நடந்தது. பூசாரி, ரத்தம் வந்துவிட்டால் குத்தியது கணக்கு என்றார். அவிழ்த்தேன். எனக்கு நகம் உடைந்தது. துணி விலகியதும் அந்த நண்டு வாடை வந்தது பாருங்கள், பூசாரி சாம்பிராணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேசட்டைப் போட்டார்கள். நீங்கள் வாங்கிய ஸ்டாண்டை விரித்துக் கேமராவை அதில் ஏற்றினார்கள். இனி இடது காது, அது அண்ணன் மடி, அண்ணன் வராததால் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சேதுராமன், "முதல்ல வலது காதை இன்னொரு தடவை எடுத்துருவோம்" என்றான். எடுப்பது என்றால் என்னடா என்றேன். ஆசாரி ஊசியைச் சும்மா காதுக்குப் பக்கத்தில் பிடித்தால் போதுமாம். பிள்ளை மறுபடி அவன் மடியில். உங்கள் மாப்பிள்ளை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "மாப்ளே, பிள்ளை சிரிக்குதே" என்றார்.

சிரித்தாள்தான். வாய் முழுக்க மிட்டாய்.

"அழுதாத்தான் காதுகுத்து மாதிரி இருக்கும் மச்சான்" என்று சொல்லிவிட்டு, குத்தின காதை இரண்டு விரலால் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினான்.

ரத்தம் கடுகு மாதிரி எழும்பியது. பிள்ளை அலறவில்லை அண்ணே. மூச்சு நின்றுபோய் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். மிட்டாய் உதட்டிலிருந்து அவன் பட்டு வேட்டியில் விழுந்தது. அவன் வேட்டியைப் பார்த்தான். உங்கள் மாப்பிள்ளை, "இப்ப சரியா இருக்கு, அப்படியே வச்சுக்க" என்றார். என் புருஷன்தான். பத்து வருஷமாகச் சோறு போடுகிறேன்.

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டேன். என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அந்தக் கேசட்டில் இருக்கிறது. அதில் பதிந்தது அது ஒன்றுதான். "ஏலே, நீ மனுசனாடா, உன் கையில புழு வைக்க" என்று நான் கத்துவதும், என் கை வந்து கேமராவை மறைப்பதும். பரமக்குடிச் சனம் வரிசையில் நின்று, ஒவ்வொருத்தராக அந்தச் சின்ன ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். சிலர் இரண்டாம் தடவையும் வரிசையில் நின்றார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் என்னிடம் வந்து, படம் தெளிவாக இருக்கிறது என்று சொன்னார்கள்.

ஆசாரி இடது காதுக்கு ஊசியை எடுத்தார். இவர்கள் யார் மடியிலும் என் பிள்ளை உட்கார மாட்டாள் என்று சொல்லி வீட்டுக்கு நடந்துவிட்டேன். பின்னாலேயே வந்தவர்கள் மதினியும் மாமியாரும்.

சேதுராமன் மறுநாளே கேமராவை எடுத்துக்கொண்டு பரமக்குடி போய்விட்டான். சீராக வைத்தது சீர்தானே என்று மாமியார் கேட்டார். கழுத்திலிருந்து இறக்கித் தட்டில் வைக்கவே இல்லையே என்றான். ஆக, இப்போது எங்கள் வீட்டில் கேமரா இல்லை. பை இருக்கிறது, தோள்வார் இருக்கிறது, பாக்கி இரண்டு கேசட் இருக்கிறது. மூன்று கால் ஸ்டாண்டில் மாமியார் கருவாடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், பூனைக்கு எட்டவில்லையாம். பை வாடைக்குக் கருவாடு வாடை எவ்வளவோ தேவலை.

உங்கள் மாப்பிள்ளையோடு நான் பேசுவதில்லை. குழம்புக்கு உப்பும் போடுவதில்லை.

பிள்ளை ஒற்றைத் தோட்டோடு திரிகிறாள். தெருவில் கேட்கிறார்கள். கேட்டால், "அது மாமாக்கு" என்று இடது காதைத் தொட்டுக் காட்டுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, மதினி சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இடது தோட்டை அந்த மஞ்சள் துணியிலேயே முடிந்து வைத்திருக்கிறேன். ஆசாரியிடம் சொல்லிவிட்டேன், எந்த நாள் என்றாலும் வருகிறேன் என்றார்.

நீங்கள் வந்தால்தான் அவிழ்ப்பேன். வராவிட்டால் அவள் கல்யாணத்துக்கும் ஒற்றைக் காதோடுதான் மணையில் உட்காருவாள். அப்போது அந்த போட்டோவைப் பார்த்து நீங்களே ஜோக் சொல்லிக்கொள்ளுங்கள்.

சண்முகவள்ளி


நயினார்கோவில்
2-9-1996

தங்கச்சி சண்முகவள்ளிக்கு,

உன் கடிதத்தைத் தோட்டத்தில் நின்று படித்தேன். படித்து முடித்து ஒரு வார்த்தை சொன்னேன். இந்தத் தடவை காக்காய் எல்லாம் பறந்துவிட்டது.

அவன் விரலை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையின் ஒற்றைக் கண்ணை நினைத்தால் தண்ணீரும் இறங்கவில்லை. அந்தக் கேசட்டையும் பையையும் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்த என் கையை நினைத்து இரண்டு தடவை சோப்புப் போட்டேன். இதைப் பற்றி டீக்கடையில் நான் ஜோக் சொல்லப் போவதில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

வாரேன். வியாழக்கிழமை முதல் பஸ். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. குடமும் இல்லை, சட்டையும் இல்லை, கைப்பிடியும் இல்லை. மாப்பிள்ளையை வீட்டிலேயே இருக்கச் சொல். நான் அவரிடம் பேசமாட்டேன், ஆனால் நான் பேசாமல் இருப்பதை அவர் பார்க்க வேண்டும். குழம்புக்கு உப்பை மட்டும் எனக்காக அன்றைக்குப் போட்டுவிடு. உன் மதினியை அனுப்பாதே, திரும்பும்போது நானே கூட்டிக்கொள்கிறேன். அவள் இல்லாமல் நான் வடித்த சோற்றை நாய் முகர்ந்துவிட்டு என்னைப் பார்க்கிறது.

முத்தழகிடம் சொல், மாமா வருகிறான், மிட்டாயை முழுசாகத் தின்று முடித்த பிறகுதான் ஊசி என்று.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பயம். நேற்று வீட்டில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டால் பிள்ளைக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் அப்படி வெகுநேரம் மூச்சைப் பிடிக்க முடியவில்லை. அதனால் ஆசாரியைக் கொஞ்சம் சுருக்காகக் குத்தச் சொல்.

பூமிநாதன்